காசநோய் ஒழிப்பும் மதுரையின் தூய்மைப் பணியாளர்களும்: மாத்திரையோடு சேர வேண்டிய உரிமைகள்

2025ஆம் ஆண்டுக்குள் இந்தியாவில் காசநோய் ஒழிக்கப்படும் என்று 2018 மார்ச்சில் டெல்லியில் நடந்த மாநாட்டில் பிரதமர் அறிவித்தார். உலக நாடுகள் 2030ஐ இலக்காக வைத்திருக்க, இந்தியா ஐந்தாண்டுகள் முந்திக்கொள்ளும் என்பது அந்த அறிவிப்பின் பெருமிதம். ‘ஒழிப்பு’ என்ற சொல்லுக்கு இங்கே ஓர் அளவு உண்டு. 2015ஆம் ஆண்டோடு ஒப்பிடுகையில் புதிதாக நோயுறுவோர் விகிதம் 80 விழுக்காடும் இறப்புகள் 90 விழுக்காடும் குறைய வேண்டும். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கின்படி, 2015இல் லட்சம் பேருக்கு 237 ஆக இருந்த விகிதம் 2024இல் 187 ஆகியிருக்கிறது. ஏறத்தாழ 21 விழுக்காட்டுக் குறைவு. உலகச் சராசரியைவிட வேகமான வீழ்ச்சிதான். எனினும் இலக்கின் கால்பங்கை ஒட்டியே நிற்கிறது. உலகின் காசநோயாளிகளில் நான்கில் ஒருவர் இன்றும் இந்தியர். ஆண்டுக்கு ஏறத்தாழ மூன்று லட்சம் பேர் இங்கே இந்நோயால் இறக்கிறார்கள்.

இலக்கு ஏன் தவறியது என்பதற்கு மருத்துவ நிபுணர்கள் பல காரணங்களைச் சொல்வார்கள். இக்கட்டுரை ஒரே ஒரு காரணத்தை மதுரையிலிருந்து பார்க்கிறது. காசநோய் யாருடைய நுரையீரலில், எந்த வேலையின்போது, எந்த வீட்டில் நோயாக மாறுகிறது என்ற கேள்வியை ஒழிப்புத் திட்டம் தன் படிவங்களில் சரியாகக் கேட்பதே இல்லை. அந்தக் கேள்விக்கு விடை தரும் சட்டங்களோ பல பத்தாண்டுகளாக நம் கையில் இருக்கின்றன. அவற்றைப் பயன்படுத்துவோர்தாம் குறைவு.

நோயின் இயல்பு

ராபர்ட் கோக் 1882 மார்ச் 24 அன்று பெர்லினில் காசநோய்க் கிருமியைக் கண்டறிந்ததை அறிவித்தார். கிருமி காற்றின் வழியே பரவுகிறது. ஆனால் அதைச் சுவாசிப்பவர் அனைவரும் நோயாளி ஆவதில்லை. தொற்றுக்கு உள்ளாகிறவர்களில் 5 முதல் 10 விழுக்காட்டினரே வாழ்நாளில் எப்போதாவது நோயுறுகிறார்கள். மற்றவர்களின் உடல் கிருமியை அடக்கி வைத்திருக்கும். அந்தக் காவல் தளரும் இடங்கள் தெளிவானவை: போதிய உணவின்மை, நீரிழிவு, எச்ஐவி, புகை, மது, கல்தூசி. சாதியைக் கிருமி அறியாது என்று மேடையில் சொல்வார்கள். உண்மைதான். ஆனால் யார் மெலிந்திருக்க வேண்டும், யார் புகையிலும் தூசியிலும் நிற்க வேண்டும், யார் காற்றோட்டமில்லாத அறையில் ஆறு பேராகப் படுக்க வேண்டும் என்பதைச் சாதி நன்றாகவே அறிந்திருக்கிறது.

சேத்துப்பட்டு தந்த பாடம், அதில் விட்டுப்போன பாதி

மதுரைக்குத் தென்மேற்கே, திருமங்கலம் செல்லும் வழியில் தோப்பூரில் அரசு நெஞ்சக நோய் மருத்துவமனை இருக்கிறது. ஊருக்கு வெளியே, திறந்தவெளியில், நல்ல காற்று வீசும் இடத்தில் காசநோயாளிகளை மாதக்கணக்கில் தங்கவைக்கும் பழைய சிந்தனையின் அடையாளம் அந்த அமைவிடம். தாம்பரம் சானடோரியமும் அத்தகையதே. செல்வந்தர்களுக்கு அது ஓய்வு. அன்றாடக் கூலிக்கு அது வேலையிழப்பு. படுக்கை கிடைத்தால்தான் அதுவும்.

இச்சிந்தனையை உலகம் முழுவதும் மாற்றியது சென்னையில் நடந்த ஓர் ஆய்வு. 1956இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு, உலக சுகாதார நிறுவனம், பிரிட்டிஷ் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் ஆகியவை இணைந்து சேத்துப்பட்டில் ஒரு வேதிச்சிகிச்சை மையத்தைத் தொடங்கின. வாலஸ் ஃபாக்ஸ் அதை வழிநடத்தினார். சென்னையின் நெரிசலான ஏழ்மைப் பகுதிகளைச் சேர்ந்த 193 நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவு சானடோரியத்தில் தங்கியது. மற்றொன்று தன் வீட்டிலேயே இருந்து அதே மருந்துகளை உட்கொண்டது. ஓராண்டின் முடிவில் இரு பிரிவினரும் ஏறத்தாழ ஒரே அளவில் குணமடைந்தனர். வீட்டில் உடன் வாழ்ந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. 1959இல் வெளியான இம்முடிவு, சானடோரியங்களின் காலத்தை முடித்துவைத்தது. நோயாளியை விலக்கி வைக்க வேண்டியதில்லை என்பதற்கு அறிவியல் சான்று தந்தவர்கள் சென்னையின் ஏழைகள். பாடநூல்கள் மருத்துவர்களின் பெயரை மட்டும் நினைவில் வைத்திருக்கின்றன.

ஆனால் அந்த ஆய்வுக்கு ஒரு பின்விளைவும் உண்டு. வீட்டில் இருந்தவர்கள் சானடோரியத்தில் இருந்தவர்களைவிட மோசமான உணவை உண்டார்கள், அதிகம் உழைத்தார்கள். அப்படியிருந்தும் மருந்து வேலை செய்தது. இதிலிருந்து, மருந்து இருந்தால் உணவு அவ்வளவு முக்கியமில்லை என்ற முடிவுக்கு உலகின் திட்டங்கள் வந்து சேர்ந்தன. 1962இல் தொடங்கிய தேசியத் திட்டமும் 1997இல் தொடங்கிய திருத்தப்பட்ட திட்டமும் மாத்திரையைச் சுற்றியே கட்டப்பட்டவை. குணமாவது பற்றிய ஒரு முடிவை, நோய் வராமல் தடுப்பது பற்றிய முடிவாகவும் எடுத்துக்கொண்ட பிழை இது.

அப்பிழை திருத்தப்பட ஏறத்தாழ அறுபதாண்டுகள் ஆயின. 2019 முதல் 2022 வரை ஜார்க்கண்டில் அனுராக் பார்கவா, மாதவி பார்கவா ஆகியோர் தலைமையில் ‘ரேஷன்ஸ்’ என்ற ஆய்வு நடந்தது. சேத்துப்பட்டு மையத்தின் இன்றைய வடிவமான தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் அதில் பங்கேற்றது. 2,800 நோயாளிகளின் குடும்பங்களைச் சேர்ந்த 10,345 பேர் அதில் இடம்பெற்றனர். ஒரு பிரிவில் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதந்தோறும் 5 கிலோ அரிசி, ஒன்றரைக் கிலோ பருப்பு, நுண்சத்து மாத்திரைகள் தரப்பட்டன. அவர்களிடையே புதிதாகக் காசநோய் வருவது 39 விழுக்காடு குறைந்தது. நுரையீரல் காசநோயில் குறைவு 48 விழுக்காடு. 2023இல் லான்செட் இதழ்கள் இதை வெளியிட்டன.

தமிழ்நாட்டில் அரிசி அட்டைக்கு விலையில்லா அரிசி கிடைக்கிறது. இது நாம் பெருமைப்படத்தக்க ஏற்பாடு. ஆனால் துவரம் பருப்பு ஓர் அட்டைக்கு மாதம் ஒரு கிலோ. ஐந்து பேர் கொண்ட குடும்பத்தில் ஆளுக்கு 200 கிராம். ஆய்வில் நோயைத் தடுத்த அளவு ஆளுக்கு 1,500 கிராம். காசநோயாளி இருக்கும் வீட்டுக்கு ஆறு மாதம் கூடுதல் பருப்பு தருவதற்குப் புதிய துறையோ புதிய செயலியோ தேவையில்லை. நியாயவிலைக் கடை ஏற்கெனவே தெருமுனையில் இருக்கிறது.

ஒன்றிய அரசு 2018 ஏப்ரல் முதல் நிக்ஷய் ஊட்டச்சத்துத் திட்டத்தின் கீழ் நோயாளிக்கு மாதம் 500 ரூபாய் தந்துவந்தது. 2024 நவம்பர் முதல் அது 1,000 ரூபாய். நோயாளியின் வங்கிக் கணக்குக்கு வரும் இத்தொகை குடும்பத்தினரைக் கணக்கில் கொள்வதில்லை. 2022 செப்டம்பரில் தொடங்கிய ‘நிக்ஷய் மித்ரா’ ஏற்பாட்டில் தனிநபர்களும் நிறுவனங்களும் நோயாளிகளைத் ‘தத்தெடுத்து’ உணவுப் பெட்டகம் தருகிறார்கள். தருபவர்களின் நல்லெண்ணத்தை நான் ஐயுறவில்லை. ஆனால் உரிமையாக வருவது நின்றுபோனால் கேள்வி கேட்கலாம், வழக்குத் தொடுக்கலாம். கொடையாக வருவது நின்றுபோனால் நன்றி சொல்லிவிட்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். உணவைப் பெறும்போது நிழற்படத்துக்கு நிற்க வேண்டிய நிலை, நோயை மறைத்து வாழ்பவருக்கு வேறொரு தண்டனை.

பெருநகரங்கள் கற்றவை

நியூயார்க் நகரம் காசநோயை ஏறத்தாழ வென்றுவிட்டதாக நினைத்து 1970களில் தன் சுகாதாரச் செலவைக் குறைத்தது. வீடற்றோர் பெருகினர், எச்ஐவி வந்தது. 1992இல் அந்நகரில் 3,811 பேர் நோயாளிகளாகப் பதிவாயினர். ஹார்லெம் மருத்துவமனையில் 1988இல் சிகிச்சை தொடங்கி வீடு திரும்பிய காசநோயாளிகளில் 89 விழுக்காட்டினர் தொடர் சிகிச்சைக்கு வரவில்லை என்று கேரன் புருட்னி, ஜே டாப்கின் ஆகிய மருத்துவர்கள் கண்டறிந்தனர். பின்பு நகரம் பெரும் பணம் செலவிட்டது. பணியாளர்கள் நோயாளி இருக்கும் இடத்துக்கே மாத்திரையைக் கொண்டுசென்றார்கள். உணவும் போக்குவரத்துச் செலவும் கொடுத்தார்கள். ஒத்துழையாதவரை அடைத்து வைக்கவும் 1993இல் விதியைத் திருத்தினார்கள். வெற்றிக்கதை சொல்பவர்கள் இக்கடைசிப் பகுதியை விரைவாகக் கடந்துவிடுவார்கள். அடைக்கப்பட்டோர் யார், எந்த நிறத்தவர் என்று கேட்பது நம்மைப் போன்றவர்களின் பழக்கம்.

சொற்களிலும் இந்தத் தண்டனை மனப்பான்மை நெடுங்காலம் இருந்தது. சிகிச்சையைத் தொடர முடியாதவரை ‘தவறியவர்’ என்று பொருள்படும் சொல்லால் மருத்துவ ஆவணங்கள் குறித்துவந்தன. கடன் கட்டாதவரைக் குறிக்கும் அதே ஆங்கிலச் சொல். 2013இல் உலக சுகாதார நிறுவனம் அதைக் கைவிட்டு, ‘தொடர்பில் இல்லாமல் போனவர்’ என்ற பொருளில் மாற்றியது. 2024 மார்ச்சில் நாடு முழுவதும் காசநோய் மருந்துத் தட்டுப்பாடு ஏற்பட்டு, உள்ளூரிலேயே வாங்கிக்கொள்ளுமாறு ஒன்றிய அரசு மாநிலங்களுக்கு எழுதியபோது, தவறியவர் யார் என்று எந்தப் படிவமும் கேட்கவில்லை.

மும்பையின் பாடம் வீடு பற்றியது. குடிசைகளை அகற்றி மக்களை அடுக்கங்களில் குடியேற்றிய லல்லுபாய் காம்பவுண்ட், நட்வர் பாரிக் காம்பவுண்ட் போன்ற இடங்களில் காசநோய் மிகுந்திருப்பதை 2018இல் வெளியான ஓர் ஆய்வு ஆராய்ந்தது. கட்டடங்கள் மிக நெருக்கமாக நிற்கின்றன. கீழ்த்தளங்களில் வெயிலும் காற்றும் நுழைவதில்லை. குடிசைக்கு மாற்றாகத் தரப்பட்ட கான்கிரீட் வீடே நோயின் காரணிகளில் ஒன்றாகிவிட்டது.

மதுரையிலும் நகருக்குள் வாழ்ந்த மக்களுக்காக ஒத்தக்கடையை அடுத்த ராஜாக்கூரில் அடுக்குமாடிக் குடியிருப்புகள் எழுப்பப்பட்டன. நகருக்குள்ளேயே மேலவாசல் போன்ற பழைய குடியிருப்புகளில் தலைமுறைகளாகத் தூய்மைப் பணியாளர்கள் வாழ்கிறார்கள். நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் ஒரு திட்டத்தை அறிவிக்கும்போது நம் இயக்கங்கள் வீட்டின் பரப்பளவையும் பயனாளியின் பங்குத்தொகையையும் கேட்கின்றன. சன்னல் எந்தப் பக்கம், எதிர்ச் சன்னல் உண்டா, அடுத்த கட்டடம் எத்தனை மீட்டரில் என்றும் கேட்க வேண்டும். வேலை இருக்கும் இடத்திலிருந்து குடியிருப்பு எத்தனை பேருந்து தூரம் என்பதும் மருத்துவக் கேள்விதான். காலை ஆறு மணிக்கு வருகைப் பதிவில் நிற்க வேண்டியவர், சளிப் பரிசோதனைக்கு எந்த நேரத்தில் போவார்?

வேலையே நோய்க்களம்

மதுரை மாநகராட்சி 100 வார்டுகள் கொண்டது. 2011 கணக்கெடுப்பின்போதே நகர்த்தொகுப்பின் மக்கள்தொகை 14 லட்சத்தைத் தாண்டியிருந்தது. இத்தனை பேரின் குப்பை அவனியாபுரத்தை அடுத்த வெள்ளைக்கல் கிடங்குக்குச் செல்கிறது. அதை அள்ளுகிறவர்களில் மிகப் பெரும்பாலோர் அருந்ததியர். பிரிக்கப்படாத குப்பையில் சளி தோய்ந்த துணி, முகக்கவசம், ஊசி எல்லாம் கலந்தே வருகின்றன. பெருக்கும்போது எழும் தூசியும் கிடங்கில் எழும் புகையும் நாள்தோறும் நுரையீரலுக்குள் போகின்றன. இதோடு மது. ஒழிப்புத் திட்டத்தின் படிவத்தில் மது ‘பழக்கம்’ என்ற கட்டத்தில் வருகிறது. சாக்கடை நாற்றத்தைத் தாங்கத்தான் குடிக்கிறோம் என்று அவர்கள் சொல்வதைக் கேட்டவர்களுக்கு, அது வேலையின் நிபந்தனைகளில் ஒன்று என்பது தெரியும்.

நகரைத் தாண்டிச் சமவெளிக்குப் போனால் வேறொரு தூசி. மேலவளவு என்றதும் இத்தளத்தின் வாசகர்களுக்கு 1997 நினைவுக்கு வரும். அதன் அருகே கீழவளவு உட்பட மேலூர் வட்டாரம் கிரானைட் குவாரிகளால் அறியப்பட்டது. அங்கே நடந்த கனிமக் கொள்ளையைப் பற்றி நிறையவே எழுதியாயிற்று. கல்லை உடைத்தவர்களின் நுரையீரலைப் பற்றி மிகக் குறைவு. கல்லைத் துளையிடும்போதும் அறுக்கும்போதும் எழும் சிலிக்கா தூசி நுரையீரலில் படிந்து சிலிகோசிஸ் நோயை உண்டாக்கும். சிலிகோசிஸ் உள்ளவருக்குக் காசநோய் வரும் வாய்ப்பு பல மடங்கு. எக்ஸ்ரேயில் இரண்டும் ஒன்றைப்போல மற்றொன்று தோன்றுவதால், சிலிகோசிஸ் நோயாளிக்குத் திரும்பத் திரும்பக் காசநோய் மாத்திரை கொடுக்கப்படுவது நாடெங்கும் நடக்கிறது. என்ன வேலை செய்தீர்கள் என்று மருத்துவர் கேட்டிருந்தால் பாதிக் குழப்பம் தீர்ந்திருக்கும். ராஜஸ்தான் அரசு 2019இல் தனிக் கொள்கை வகுத்து, சிலிகோசிஸ் சான்று பெற்ற தொழிலாளிக்கு 3 லட்சம் ரூபாயும் இறந்தால் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாயும் வழங்குகிறது. மேலூரிலிருந்து எழ வேண்டிய கோரிக்கை இது.

படிவத்தில் இல்லாத கட்டம்

2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் காசநோய்ப் பரவல் ஆய்வு, 15 வயதுக்கு மேற்பட்டோரில் லட்சத்துக்கு 316 பேருக்கு நுரையீரல் காசநோய் இருப்பதாகக் கணக்கிட்டது. அறிகுறி இருந்தவர்களில் 63.6 விழுக்காட்டினர் மருத்துவ உதவியை நாடவே இல்லை. எக்ஸ்ரே எடுக்காமல் இருமலை மட்டும் விசாரித்திருந்தால் நோயாளிகளில் 42.6 விழுக்காட்டினர் தப்பிப்போயிருப்பர். ஆகவே, நோயாளி வரட்டும் என்று காத்திருப்பது பயனற்றது. எக்ஸ்ரே கருவி மக்களிடம் போக வேண்டும். 2024 டிசம்பரில் 347 மாவட்டங்களில் தொடங்கிய நூறு நாள் இயக்கம் இதை ஏற்றுக்கொண்டது. நீரிழிவாளர், புகைப்பவர், மெலிந்தவர், முதியோர், நோயாளியின் குடும்பத்தினர் ஆகியோரைத் தேடிச் சென்றது.

அப்பட்டியல்கள் அனைத்தும் உடலின் நிலையைச் சொல்கின்றன. பழங்குடியினருக்குத் தனி முயற்சிகள் உண்டு. ஆனால் நான் படித்த எந்த ஆண்டறிக்கையிலும், நோயுற்றோரிலும் இறந்தோரிலும் பட்டியல் சாதியினர் எத்தனை பேர் என்ற அட்டவணை இல்லை. தூய்மைப் பணியாளர் எத்தனை பேர் என்பதும் இல்லை. கணக்கிடப்படாதது வரவுசெலவுத் திட்டத்தில் இடம்பெறாது. சாதியைக் கேட்டால் நோயாளி புண்படுவார் என்பது அதிகாரிகள் சொல்லும் மறுப்பு. அக்கவலைக்கு அடிப்படை உண்டு. நோயும் சாதியும் ஒரே தாளில் பதிவாகி அந்தத் தாள் தெருவுக்குப் போனால் ஒதுக்கல் இரட்டிப்பாகும். அதற்குத் தீர்வு பெயர் நீக்கிய தொகுப்புக் கணக்கு. பள்ளிச் சேர்க்கையிலும் வேலைவாய்ப்பிலும் அரசு அன்றாடம் செய்வதுதான்.

இங்கே தமிழ்நாட்டுக்குரிய ஒரு நற்செயலையும் சொல்ல வேண்டும். 2022 ஏப்ரலில் தொடங்கிய ‘காசநோய் இறப்பில்லாத் திட்டம்’ எளிய சிந்தனையில் அமைந்தது. நோய் உறுதியான அன்றே எடை, உயரம், கால்வீக்கம், மூச்சு வேகம், இரத்த ஆக்சிஜன் ஆகியவற்றை அளந்து, துணையின்றி நிற்க முடிகிறதா என்றும் பார்க்கிறார்கள். ஆபத்தில் இருப்பவரை உடனே மருத்துவமனையில் சேர்த்து உணவும் சிகிச்சையும் தருகிறார்கள். சிகிச்சையின் முதல் வாரங்களில் நிகழும் மரணங்களே மிகுதி என்பதால் இது பல உயிர்களைக் காத்திருக்கிறது. செலவு மிகக் குறைவு. எடை பார்க்கும் இயந்திரமும் ஒரு விரல் கருவியும் போதும். ஆனால் படுக்கையிலிருந்து எழுந்து வீடு திரும்பும் தொழிலாளிக்கு வேலை இருக்குமா என்பது இத்திட்டத்தின் எல்லைக்கு வெளியே நிற்கிறது. அங்கேதான் சட்டம் தொடங்குகிறது.

சட்டத்தில் இருப்பவை

தொழிலாளர் அரசுக் காப்பீட்டில், அதாவது இஎஸ்ஐயில், பதிவான தொழிலாளிக்கு நோய்க்கால உதவியாக ஊதியத்தில் 70 விழுக்காடு 91 நாட்களுக்குக் கிடைக்கும். நீண்டகால நோய்களுக்கு அதன்பின் ‘நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி’ உண்டு. ஊதியத்தில் 80 விழுக்காடு, இரண்டு ஆண்டுகள் வரை. அதற்குரிய 34 நோய்களில் காசநோயும் ஒன்று. 15,000 ரூபாய் ஊதியம் பெறும் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளருக்கு இது மாதம் ஏறத்தாழ 12,000 ரூபாய். நிக்ஷய் தரும் 1,000 ரூபாயை இதனோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஊதியச் சீட்டில் 0.75 விழுக்காடு பிடித்தம் இருந்தால் அவர் காப்பீட்டாளர். அதைச் சொல்ல வேண்டிய ஒப்பந்ததாரர் சொல்வதில்லை. காசநோய்ப் பிரிவுப் பணியாளரின் படிவத்தில் இஎஸ்ஐ எண்ணுக்கு இடமில்லை.

இவ்வுதவிக்கு ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு ஆண்டுகள் தொடர்ச்சியான வேலையும், முந்தைய நான்கு பங்களிப்புக் காலங்களில் 156 நாட்களுக்கான பங்களிப்பும் இருக்க வேண்டும். உள்ளாட்சி அமைப்புகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒப்பந்ததாரரை மாற்றுகின்றன. தொழிலாளி அதே தெருவைத்தான் பெருக்குகிறார். ஆனால் புதிய நிறுவனம் புதிய காப்பீட்டு எண் வாங்கினால் தாளில் அவர் புதியவராகிவிடுவார்.

இதற்கு மாற்று வழி ஒன்றைச் சட்டமே வைத்திருக்கிறது. 1948ஆம் ஆண்டு இஎஸ்ஐ சட்டத்திலும் 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்திலும் மூன்றாம் அட்டவணை தொழில்சார் நோய்களைப் பட்டியலிடுகிறது. அதன் ‘அ’ பகுதியில் முதல் இனம் தொற்றுநோய்கள். மருத்துவப் பணி, ஆய்வகப் பணி, கால்நடைப் பணி ஆகியவற்றோடு ‘தொற்று ஏற்படும் குறிப்பான அபாயம் கொண்ட பிற வேலைகள்’ என்றும் அது சொல்கிறது. சளியும் மருத்துவக் கழிவும் கலந்த குப்பையைக் கையால் பிரிப்பது அத்தகைய வேலை இல்லையென்றால் வேறெது? அவ்வாறு ஏற்கப்பட்டால் நோய் வேலையால் நேர்ந்த காயமாகக் கருதப்படும். வேலையால் வரவில்லை என்று மெய்ப்பிக்கும் சுமை எதிர்த்தரப்புக்கு. இஎஸ்ஐயில் உதவி 90 விழுக்காடாக உயரும். பங்களிப்பு நாட்களின் நிபந்தனை பொருந்தாது. வேலையில் சேர்ந்த முதல் நாளிலிருந்தே உரிமை உண்டு. ‘இ’ பகுதியில் சிலிகோசிஸுடன் கூடிய காசநோய் பெயர் குறித்தே இடம்பெற்றிருக்கிறது. மேலூர்க் குவாரித் தொழிலாளிக்கு அது நேரடியாகப் பொருந்தும். 2025 நவம்பர் 21 முதல் இவ்விரு சட்டங்களின் இடத்தில் சமூகப் பாதுகாப்புத் தொகுப்பு 2020 நடைமுறைக்கு வந்துள்ளது. தொழில்சார் நோய்களின் பட்டியல் அதன் மூன்றாம் அட்டவணையிலும் தொடர்கிறது. இஎஸ்ஐ உள்ளவர் இஎஸ்ஐ வழியாகவே கோர வேண்டும். இல்லாதவர் இழப்பீட்டு ஆணையரிடம் செல்லலாம். இரண்டையும் சேர்த்துக் கேட்க முடியாது. இளம் வழக்கறிஞர்கள் இதில் தவறுவதைப் பார்த்திருக்கிறேன்; நானும் ஒருமுறை தவறினேன்.

உசிலம்பட்டி, வாடிப்பட்டி, பேரையூர்ப் பகுதிகளின் விவசாயக் கூலிகளுக்கு இஎஸ்ஐ கிடையாது. அவர்களுக்கு உழவர் பாதுகாப்புத் திட்டத்தில் இடம் உண்டு. அதன் உறுப்பினர் காசநோயால் வேலை செய்ய இயலாத காலத்தில் மாதம் 1,000 ரூபாய் பெறலாம். விண்ணப்பம் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தனி வட்டாட்சியரிடம். நிக்ஷய் தொகை வருகிறது என்பதற்காக இதை மறுக்க முடியாது.

ஒதுக்கலைப் பொறுத்தவரை சட்டத்தில் பெரிய இடைவெளி இருக்கிறது. எச்ஐவி உள்ளவரை வேலையிலிருந்தோ வாடகை வீட்டிலிருந்தோ பள்ளியிலிருந்தோ விலக்குவதை 2017ஆம் ஆண்டுச் சட்டம் வெளிப்படையாகத் தடை செய்கிறது. காசநோய்க்கு அதுபோன்ற சட்டம் இல்லை. மாறாக, 2018 மார்ச்சில் வெளியான ஒன்றிய அரசின் அறிவிக்கை, நோயாளியைப் பதிவு செய்யத் தவறும் தனியார் மருத்துவர்களையும் மருந்துக் கடைகளையும் தண்டிக்க அன்றைய இந்திய தண்டனைச் சட்டத்தின் 269, 270 பிரிவுகளைச் சுட்டுகிறது. பதிவுக்குத் தண்டனைப் பிரிவு உண்டு, பாகுபாட்டுக்கு இல்லை. மருத்துவமனை அல்லது ஆரம்ப சுகாதார நிலையத்துக்குள் நுழைவதைச் சாதியின் பெயரால் தடுத்தால் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் 3(1)(za) பிரிவு உதவும். ஆனால் நோயைக் காரணமாகச் சொல்லிச் சாதி வேலை செய்யும்போது அதை மெய்ப்பிப்பது எளிதன்று.

ஒரு கோப்பு

மதுரையை அடுத்த ஓர் உள்ளாட்சி அமைப்பில் ஒப்பந்தத் தூய்மைப் பணி செய்த ஒரு பெண்ணின் கோப்பு என் மேசையில் இருக்கிறது. இருமலுக்கு மூன்று மாதம் தனியார் மருத்துவமனை ஒன்றில் டானிக் வாங்கிக் குடித்தார். பின்பு அரசு முகாம் ஒன்றில் எக்ஸ்ரே எடுத்து நோய் உறுதியானது. சிகிச்சை தொடங்கிய இரண்டாம் வாரம் மேற்பார்வையாளர், “குணமான பிறகு வாங்க” என்றார். எழுத்தில் எதுவுமில்லை. பணிநீக்கமும் இல்லை, ஊதியமும் இல்லை. அப்போது 1948ஆம் ஆண்டுச் சட்டமே நடைமுறையில் இருந்தது. சான்றளிக்கப்பட்ட நோய்க்காலத்தில் வேலையை விட்டு நீக்குவதை அதன் 73ஆம் பிரிவு தடை செய்தது.

என்னிடம் வந்தபோது அவர் கேட்டது ஒன்றே: “சார், மாத்திரைய விட்டுட்டா வேலைக்கு எடுத்துக்குவாங்களா?” அவருடைய ஊதியச் சீட்டுகளில் ஏழு ஆண்டுகளாகப் பிடித்தம் இருந்தது. ஒப்பந்ததாரர்கள் மாறியதில் அவர் பெயரில் இரண்டு காப்பீட்டு எண்கள். இரண்டும் ஒரே ஆள் என்று நிறுவ ஆதார் நகல், வருகைப் பதிவேட்டின் படிகள், உடன் வேலை செய்தவர்களின் உறுதிமொழிகள் தேவைப்பட்டன. அதற்குள் சிகிச்சை முடிந்துவிட்டது. மாத்திரையை அவர் விடவில்லை. தங்கையின் வருமானத்தில் வீடு ஓடியது. எண்கள் இணைக்கப்பட்டு நோய்க்கால உதவி நிலுவையோடு வந்தது. தொழில்சார் நோய் என்று ஏற்கக் கோரிய மனு இன்னும் முடிவாகவில்லை. எனக்குத் தெரிந்து இவ்வட்டாரத்தில் அந்தக் காரணத்தோடு ஒரு தூய்மைப் பணியாளர் தாக்கல் செய்யும் முதல் மனு இது என்று சொல்ல ஆசைதான். வேறு யாரேனும் முன்பே செய்திருந்தால் மகிழ்வேன், அந்த ஆணையின் படியை அனுப்புங்கள்.

இதைப் படிக்கும் மாணவர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்படி, மாவட்டத்தின் மருத்துவப் பணிகள் துணை இயக்குநர் (காசநோய்) அலுவலகத்திலும் மாநகராட்சி நகர்நல அலுவலரிடமும் கேட்கலாம்: கடந்த மூன்று ஆண்டுகளில் எத்தனை தூய்மைப் பணியாளர்களுக்கு எக்ஸ்ரே எடுக்கப்பட்டது? நிரந்தரப் பணியாளர் எத்தனை பேர், ஒப்பந்தப் பணியாளர் எத்தனை பேர்? நோய் உறுதியானோர் எத்தனை பேர்? இஎஸ்ஐ அலுவலகத்தில், காசநோய்க்காக நீட்டிக்கப்பட்ட நோய்க்கால உதவி பெற்றோரின் எண்ணிக்கையைக் கேட்கலாம். பெயர், முகவரி எதையும் கேட்காதீர்கள். அது 8(1)(j) பிரிவில் மறுக்கப்படும், மறுக்கப்படவும் வேண்டும். விடையாக “தகவல் பராமரிக்கப்படவில்லை” என்று வந்தால் அந்தத் தாளையும் பத்திரப்படுத்துங்கள். தொழில்சார் நோய் மனுவோடு இணைக்க அது எனக்குப் பயன்படும்.